காந்த மறுஇணைப்பு: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2024 மே மாதம், சூரியனிலிருந்து வந்த துகள்கள் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கிய பெரிய காந்தப் புயலுக்குப் பிறகு, டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் குடும்பங்களிலிருந்தும் வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்து தங்கியிருப்பவர்களிடமிருந்தும் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்த கேள்விகள் இவை. வாரக்கடைசித் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் கேட்டவையும் இதில் உண்டு. சூரியப் புயல் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு பெரியது?" என்றுதான். ஆனால் பூமிக்கு என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதற்குள் இருக்கும் காந்தப்புலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே. அது பூமியின் காந்தப்புலத்துக்கு எதிர்த் திசையில் இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்; அதற்குத்தான் காந்த மறுஇணைப்பு என்று பெயர். இந்தப் பக்கம் முழுக்க அதைத்தான் சொல்ல முயன்றிருக்கிறேன்.

விண்வெளியில் ஏது காற்று?

சூரியனின் வெளிப்புற வளிமண்டலமான கொரோனாவின் வெப்பம் பத்து லட்சம் டிகிரிக்கும் மேல். அந்தச் சூட்டில் சூரியனின் ஈர்ப்பு விசையால் அதை முழுதாகப் பிடித்து வைக்க முடியாது. புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் நாலாபக்கமும் ஓயாமல் வெளியேறுகின்றன. அதைத்தான் சூரியக் காற்று என்கிறோம். இப்படி ஓர் ஓட்டம் இருந்தே தீரும் என்று 1958இல் யூஜின் பார்க்கர் கணக்குப் போட்டுக் காட்டினார். வெள்ளிக் கோளுக்குப் போன மரைனர் 2 விண்கலம் 1962இல் வழி நெடுக அதை அளந்தது. பூமியை எட்டும்போது அதன் வேகம் சாதாரணமாக வினாடிக்கு 400 கிலோமீட்டர், சில நாட்களில் 800. அடர்த்தியோ ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு புரோட்டான்கள்தான்.

இந்தக் காற்று சூரியனின் காந்தப்புலத்தையும் கூடவே இழுத்து வருகிறது. பூமிக்கு அருகே அந்தப் புலத்தின் வலிமை சாதாரண நாளில் 5 நானோ டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) அளவில் இருக்கும். கேப் கடற்கரையில், காந்த ஆய்வகம் உள்ள ஹெர்மானஸ் ஊரில், தரையில் பூமியின் புலம் அதைப்போல ஏறத்தாழ ஐயாயிரம் மடங்கு.

அவ்வளவு சின்னக் காந்தம் பூமியை என்ன செய்துவிடும்?

மோதல் தரையில் நடப்பதில்லையே! தூரம் கூடக் கூடப் பூமியின் காந்தப்புலம் வேகமாகக் குறைகிறது. பூமியின் ஆரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்தில் அது தரையில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். சூரியனைப் பார்த்த பக்கத்தில், ஏறக்குறைய 65,000 கிலோமீட்டர் உயரத்தில், சூரியக் காற்றின் அழுத்தமும் பூமிக் காந்தத்தின் அழுத்தமும் சமமாகின்றன. அதுதான் காந்த எல்லை. அதற்கு முன்பாகவே ஓர் அதிர்ச்சி முகப்பில் காற்று வேகம் தணிந்து நெருக்கப்படுகிறது. அதோடு சேர்ந்து அதன் காந்தப்புலமும் பல மடங்கு கெட்டியாகிறது. ஆகவே எல்லையில் சந்திக்கும்போது இரண்டு புலங்களும் ஏறத்தாழ ஒரே பலத்தில் நிற்கின்றன.

சரி, மறுஇணைப்பு என்றால் அங்கே என்னதான் நடக்கிறது?

மின்னேற்றத் துகள்களால் ஆன பிளாஸ்மாவில் ஒரு பொது விதி உண்டு. காந்தப்புலமும் துகள்களும் ஒன்றை ஒன்று விட்டுப் பிரியாமல் சேர்ந்தே நகரும். இந்த விதி எல்லா இடத்திலும் கறாராகச் செல்லுபடியானால், சூரியக் காற்று பூமியின் காந்தமண்டலத்தை, அதாவது அந்த எல்லைக்கு உள்ளே பூமியின் காந்தம் ஆளும் வெளியை, சுற்றி வழுக்கிக்கொண்டு போய்விடும். உள்ளே ஒரு துகளும் வராது, ஆற்றலும் வராது.

ஆனால் எல்லையின் இருபுறமும் காந்தப்புலங்கள் எதிரெதிர்த் திசையில் இருந்தால் கதை மாறுகிறது. நடுவே மெல்லிய மின்னோட்டத் தகடு ஒன்று உருவாகிறது. காற்று தள்ளத் தள்ள அந்தத் தகடு மெலிந்துகொண்டே போகும். அதன் தடிமன் சில நூறு கிலோமீட்டருக்குள் வந்ததும் புரோட்டான்களால் காந்தப்புலத்தோடு ஒட்டிப் போக முடிவதில்லை. இன்னும் உள்ளே, சில கிலோமீட்டர் அளவில், எலக்ட்ரான்களும் கைவிடுகின்றன. அந்தச் சிறிய இடத்தில் சூரியக் காற்றின் காந்தப்புலக் கோடு ஒன்றும் பூமியின் காந்தப்புலக் கோடு ஒன்றும் பழைய தொடர்பை விட்டு, குறுக்கே ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. ஒரு முனை பூமியின் துருவத்தில், மறுமுனை சூரியக் காற்றில் என்று புதுக் கோடுகள் பிறக்கின்றன.

பிறக்கும்போதே அவை கூர்மையாக வளைந்திருக்கும். உண்டிவில்லின் ரப்பரை இழுத்து விட்டது போல அவை விறைத்து நிமிர, அருகில் உள்ள பிளாஸ்மா வினாடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் இருபுறமும் பீய்ச்சி அடிக்கப்படுகிறது. காந்தத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் இப்படித் துகள்களின் வேகமாகவும் சூடாகவும் மாறுகிறது.

அதோடு முடிவதில்லை. புதுக் கோடுகளின் வெளி முனையைச் சூரியக் காற்று பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. அவை துருவத்தின் மேலாகச் சென்று பூமியின் இரவுப் பக்கத்தில் நீண்ட வாலாகச் சேர்கின்றன. இந்த வால் நிலவின் பாதையையும் தாண்டிப் போகிறது. ஒவ்வொரு பௌர்ணமியை ஒட்டியும் சில நாட்கள் நிலா இதற்குள் புகுந்துதான் வெளியே வருகிறது. வாலின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் எதிரெதிர்க் காந்தத்தோடு நெருக்கப்படும்போது அங்கே இரண்டாவது மறுஇணைப்பு நடக்கிறது. அதில் பூமிப் பக்கம் எறியப்படும் ஆற்றலிலிருந்துதான் துருவப் பகுதி வானில் தெரியும் துருவ ஒளியின் திடீர் வெடிப்புகள் கிளம்புகின்றன. பூமியோடு மீண்டும் மூடிக்கொண்ட கோடுகள் பகல் பக்கத்துக்குத் திரும்புகின்றன. இந்த முழுச் சுழற்சியையும் 1961இல் ஒரு சிறிய கட்டுரையில் எழுதியவர் ஜேம்ஸ் டஞ்சி என்ற ஆங்கிலேய இயற்பியலாளர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தப் படத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. விண்வெளி இயற்பியலில் இவ்வளவு சில பக்கங்களில் இவ்வளவு விளங்கவைத்த கட்டுரை வேறு உண்டா என்று கேட்டால், எனக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றாது.

ஆன்ட்டி, கோடு அறுகிறது, ஒட்டுகிறது என்கிறீர்கள். உண்மையில் அங்கே கோடு இருக்கிறதா?

இல்லை கண்ணா. இருப்பது காந்தப்புலம். ஒவ்வொரு இடத்திலும் அதற்கு ஒரு திசை, ஒரு வலிமை. கோடு என்பது அதைப் படமாகப் பார்க்க நாம் வரைவது. ஆகவே எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேர்ந்தது என்று பெயர் சொல்லிக் காட்ட முடியாது. பிளாஸ்மா இயற்பியலுக்காக 1970இல் நோபல் பரிசு வாங்கிய ஹானஸ் ஆல்ஃபென் இந்தக் கோட்டுப் பேச்சையே பிற்காலத்தில் கடுமையாக எதிர்த்தார். மின்னோட்டங்களையும் துகள்களையும் வைத்துப் பேசுங்கள் என்றார். அந்த எச்சரிக்கை நல்லதுதான். ஆனால் எந்தத் துகள் எந்தப் பகுதிக்குப் போக முடியும் என்பது உண்மையிலேயே மாறுகிறது, ஆற்றல் உண்மையிலேயே கைமாறுகிறது. அதை விண்கலங்கள் அளந்திருக்கின்றன. கோடுகளை நம்பகமான படமாக வைத்துக்கொள், பொருளாக நினைக்காதே.

யாராவது நேரில் போய்ப் பார்த்தார்களா?

பார்த்தார்கள், இருமுறை குறிப்பிட்டுச் சொல்லும்படி. ஐ.எஸ்.இ.இ. இரட்டை விண்கலங்கள் காந்த எல்லையைக் கடந்தபோது, மறுஇணைப்பு சொல்லும் வேகத்திலேயே பிளாஸ்மா பீய்ச்சல் இருந்ததை 1979இல் வெளியிட்டார்கள். அது விளைவைப் பார்த்தது.

இணைப்பு நடக்கும் அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே நுழைந்தது எம்.எம்.எஸ். என்ற நாசா திட்டம். 2015 மார்ச்சில் ஏவப்பட்ட நான்கு விண்கலங்கள் ஒன்றுக்கொன்று பத்து கிலோமீட்டர் அளவே இடைவெளி விட்டு, நான்முகி வடிவில் பறந்தன. பழைய கலங்கள் எலக்ட்ரான்களை ஒருமுறை முழுதாக அளக்கவே சில வினாடிகள் எடுக்கும். அதற்குள் அந்தத் தகடு கலத்தைத் தாண்டிப் போய்விடும். எம்.எம்.எஸ். 30 மில்லி வினாடிக்கு ஒருமுறை அளந்தது. 2015 அக்டோபர் 16 அன்று பூமியின் பகல் பக்க எல்லையில் அது நேராக எலக்ட்ரான் பகுதிக்குள் போயிற்று. எலக்ட்ரான்களின் வேகங்களை வரைபடமாக்கியபோது நடுவில் வட்டமாக வரவேண்டிய உருவத்தோடு ஓரத்தில் பிறைநிலா வடிவம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எலக்ட்ரான்கள் எல்லையில் அங்கும் இங்கும் வளைந்து திரும்பி முடுக்கப்படுகின்றன என்பதற்கான கையெழுத்து அது. அந்த வரைபடத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது உண்மை.

திசை, திசை என்கிறீர்களே, எந்தத் திசை?

பூமியின் பகல் பக்க எல்லையில், நிலநடுக்கோட்டுக்கு நேரே, பூமியின் காந்தப்புலம் வடக்கு நோக்கியது. ஆகவே சூரியக் காற்றின் புலம் தெற்கு நோக்கி இருந்தால் இரண்டும் எதிரெதிர். மறுஇணைப்பு பலமாக நடக்கும். வடக்கு நோக்கி இருந்தால் இணைப்பு துருவங்களுக்கு அப்பால் ஒதுங்கிவிடும், உள்ளே வரும் ஆற்றல் மிகக் குறையும். விண்வெளி வானிலைப் பக்கங்களில் பி-இசட் என்று போட்டிருக்கும் எண் இதைத்தான் சொல்கிறது. மைனஸ் என்றால் தெற்கு. அது மைனஸ் பத்து நானோ டெஸ்லாவுக்குக் கீழே மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றால் கடுமையான புயலை எதிர்பார்க்கலாம்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சூரியனிலிருந்து ஒரு பெரும் பிளாஸ்மா மேகம் கிளம்புவது ஒன்றிலிருந்து மூன்று நாள் முன்னதாகவே நமக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்த மேகத்தின் உள்ளே காந்தப்புலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை நம்பகமாகச் சொல்ல, அது சூரியனுக்கும் பூமிக்கும் இடையே எல்-1 என்ற புள்ளியில் நிற்கும் விண்கலங்களைத் தொட வேண்டும். அந்தப் புள்ளி நம்மிடமிருந்து 15 லட்சம் கிலோமீட்டர். வினாடிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் மீதி நேரம் அரை மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய இந்தியாவின் ஆதித்யா எல்-1 இப்போது அங்கேதான் இருக்கிறது. ஆறு மீட்டர் நீளக் கையில் காந்தமானிகளை நீட்டி வைத்திருக்கிறது. அதன் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி தமிழ்நாட்டுச் செங்கோட்டைக்காரர் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகளைவிடப் பாட்டிமார் முகம்தான் முதலில் மலர்கிறது.

2024 மே மாதம் ஹெர்மானஸில் என்ன பதிவாகியிருக்கும்?

இது கூர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று. மே 10ஆம் தேதி நம் நேரம் மாலை ஏழு மணி சுமாருக்கு அதிர்ச்சி அலை வந்து மோதியது. அந்த மாதிரிப் புயலில் நம் அகலாங்கு நிலையங்களின் வரைபடத்தில் கிடைமட்டக் காந்தப்புலக் கோடு முதலில் சட்டென்று ஒரு படி மேலே ஏறும். அது வெறும் தள்ளு. காற்றின் அழுத்தம் காந்தமண்டலத்தை நெருக்கியதன் அடையாளம். அதன்பின் கோடு இறங்கத் தொடங்கும், மணிக்கணக்காக. இறக்கம் மறுஇணைப்பின் வேலை. வாலிலிருந்து உள்ளே செலுத்தப்பட்ட துகள்கள் பூமியைச் சுற்றி ஒரு வளைய மின்னோட்டமாக ஓடி, தரையில் உள்ள புலத்தைக் குறைக்கின்றன. அந்தப் புயலில் உலக அளவிலான சராசரி இறக்கம் 400 நானோ டெஸ்லா அளவுக்குப் போனது. தெற்கு நோக்கிய புலம் இல்லாத ஒரு மேகம் வந்து மோதினால் அந்த முதல் படி மட்டும் தெரியும், இறக்கம் பெரிதாக இருக்காது.

நாம் துருவத்திலிருந்து எவ்வளவோ தூரம். நமக்கென்ன கவலை?

இப்படித்தான் இந்த நாட்டு மின் பொறியாளர்கள் பலரும் நெடுநாள் நினைத்தார்கள். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் காந்தப் புயல் மின்கட்டமைப்பையே சாய்த்து, அறுபது லட்சம் பேரை ஒன்பது மணி நேரம் இருட்டில் வைத்தது. அது வடக்கே, துருவ ஒளிக்குப் பக்கத்தில் உள்ள ஊர், நமக்கு வராது என்ற எண்ணம் இருந்தது.

2003 அக்டோபர் கடைசியில், தீபாவளி முடிந்து சில நாட்களில், அடுத்தடுத்துப் பெரும் புயல்கள் வந்தன. தென்னாப்பிரிக்காவில் விளக்கு அணையவில்லை. ஆனால் அதற்கடுத்த மாதங்களில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள் சில பழுதாயின. எண்ணெயில் கரைந்திருந்த வாயுக்களைச் சோதித்தபோது, உள்ளே சூடேறிய சேதம் அந்தப் புயல் நாட்களை ஒட்டித் தொடங்கியிருப்பது தெரிந்தது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் டிரெவர் கான்ட்டும் கூட்டாசிரியரும் 2007இல் இதை எழுதினார்கள். ஆபத்துக் குறைவு என்று ஒதுக்கப்பட்ட நாடுகளின் மின்வாரியங்கள் அதன்பிறகுதான் விழித்துக்கொண்டன.

வழி இதுதான். காந்தப்புலம் மெதுவாக ஏறி இறங்கும்போது நிலத்தில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ம்புமலங்காவின் நிலக்கரி மின்நிலையங்களிலிருந்து கேப் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கம்பிகள் அதைச் சேகரித்துக் கொடுக்கின்றன. தரையிணைப்பு வழியே ஏறக்குறைய நேர்மின்னோட்டம் போன்ற ஒன்று டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஏறுகிறது. 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்துக்காகச் செய்த இரும்பு உள்ளகம் அரைச் சுற்றில் தெவிட்டிப்போய், காந்தப் பாயம் வெளியே கசிந்து, அங்கங்கே சூடேற்றுகிறது. ஒரே நாளில் வெடிக்காது. உள்ளே தாள் காப்பு கருகத் தொடங்கி, பிறகொரு நாள் சாதாரணச் சுமையில் போய்விடும்.

அப்படியானால் லோட் ஷெட்டிங்குக்கும் இதுதான் காரணமா?

இல்லை. அது மின் உற்பத்திப் பற்றாக்குறை, பழைய நிலையங்களின் பழுது. சூரியனைச் சேர்க்க வேண்டாம்.

புயல் அன்று இரவு போனை அணைத்துத் தூர வைக்கச் சொல்லி ஃபார்வர்ட் வருகிறதே?

தேவையில்லை. கைபேசியின் சின்னக் கம்பிகளில் இது எதையும் தூண்டாது. ஜிபிஎஸ் துல்லியம் குறையலாம், நீண்ட தூர வானொலித் தொடர்பு கெடலாம், அவ்வளவுதான். அந்தச் செய்தியை அனுப்புகிறவர்களுக்கு மரியாதையாக இதை எடுத்துச் சொல்லுங்கள். பெரியவர்கள் பலர் பயந்துபோய் உறங்காமல் இருக்கிறார்கள்.

நம் பகுதியில் பூமியின் காந்தம் குறைந்துவருகிறதாமே? அப்படியானால் மறுஇணைப்பு நம் தலைக்கு மேலேயே நடக்குமா?

குறைந்துவருவது உண்மை. தென் அட்லாண்டிக் பலவீனப் பகுதி என்று ஒன்று தென் அமெரிக்காவிலிருந்து நம் கரை வரை பரந்திருக்கிறது. ஹெர்மானஸ் பதிவுகளில் 1940களிலிருந்து புலம் சுமார் 20 சதவீதம் குறைந்திருக்கிறது. இங்கே காந்தம் கோணலும்கூட. டர்பன் கடற்கரையில் நின்று திசைகாட்டியைப் பிடித்தால் முள் உண்மையான வடக்குக்கு இருபது டிகிரிக்கு மேல் மேற்கே விலகி நிற்கும்.

ஆனால் மறுஇணைப்பு நடக்கும் 65,000 கிலோமீட்டரில் இந்த உள்ளூர்க் கோணல்கள் தேய்ந்து மறைந்துவிடுகின்றன. அங்கே தெரிவது பூமியின் ஒட்டுமொத்த இருமுனைக் காந்தம் மட்டுமே. பலவீனப் பகுதியின் விளைவு தாழ்வாகப் பறக்கும் செயற்கைக்கோள்களுக்குத்தான். பூமியைச் சூழ்ந்திருக்கும் கதிர்வீச்சு வளையத் துகள்கள் அங்கே கீழே இறங்கிவருவதால், ஹபிள் தொலைநோக்கி அப்பகுதியைக் கடக்கும்போது கருவிகளை நிறுத்திவைக்கிறது.

ஹெர்மானஸ், ஹெர்மானஸ் என்கிறீர்கள். திமிங்கலம் பார்க்கப் போகும் ஊர்தானே?

அதே ஊர்தான். காந்த ஆய்வகம் முதலில் 1932இல் கேப் டவுன் பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கியது. மின்சார ரயில்களின் ஓட்டம் அளவுகளைக் கெடுத்ததால் 1941இல் ஹெர்மானஸுக்கு மாறியது. பம்பாயிலும் இதே கதை நடந்திருக்கிறது. டிராம் மின்மயமானதால் கொலாபா ஆய்வகத்தின் காந்த அளவைகள் அலிபாகுக்குப் போயின. இப்படிப்பட்ட நிலையங்களில் அளவி இருக்கும் அறைக்கு இரும்பாணிகூட ஆகாது. கொலாபாவின் பழைய ஏடுகளில் 1859 செப்டம்பர் 2ஆம் தேதிப் பெரும் புயல், 1600 நானோ டெஸ்லா இறக்கமாகப் பதிந்திருக்கிறது. நம் முன்னோர் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பன் வந்து இறங்கியது அதற்கு அடுத்த ஆண்டு, 1860 நவம்பர் 16. அன்றைக்கு உலகத்தில் கெட்டுப்போகத் தந்திக் கம்பிகளைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

2011இலிருந்து ஹெர்மானஸ் நிலையம் தென்னாப்பிரிக்கத் தேசிய விண்வெளி முகமையின் பகுதி. 2022இல் அங்கே இருபத்து நான்கு மணி நேர விண்வெளி வானிலை மையம் திறக்கப்பட்டது. அண்டார்டிகாவில் நம் நாட்டின் சானே நிலையத்தில் ஒரு ரேடாரும் இருக்கிறது. துருவத்துக்கு மேலே இழுபடும் பிளாஸ்மாவின் வேகத்தை அது அளக்கிறது. இப்படிச் சூரியக் காற்றோடு சேர்ந்த கோடுகள் வந்து இறங்கும் துருவப் பகுதிக்குத் துருவத் தொப்பி என்று பெயர். அதன் ஒரு கரைக்கும் மறுகரைக்கும் இடையே சாதாரணமாக ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வோல்ட் வரை மின்னழுத்தம் நிற்கும். மறுஇணைப்பு எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதைத் தரையிலிருந்தே சொல்லும் அளவு அது.

புரட்டாசியில் காந்தப் புயல் கூடுதல் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. பங்குனியிலும் கூடுதல்தான். பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, பூமிக் காந்தத்தின் சாய்வு சூரியக் காற்றின் புலத்தோடு அமையும் விதத்தில் தெற்கு நோக்கிய பங்கு அதிகம் கிடைக்கிறது. ரஸ்ஸலும் மக்ஃபெரனும் 1973இல் இதை விளக்கினார்கள்.

மற்றக் கோள்களில்?

புதன் எனக்குப் பிடித்த உதாரணம். அதன் காந்தம் பூமியினுடையதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. சூரியனுக்கு அருகில் இருப்பதால் அங்கே காற்றின் புலமோ பலமானது. மறுஇணைப்பு அங்கே அடிக்கடியும் மூர்க்கமாகவும் நடக்கிறது. பூமியில் ஒரு மணி நேரம் போல எடுக்கும் சுழற்சி அங்கே இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுவதை மெசஞ்சர் விண்கலம் கண்டது.

வியாழனில் சூரியக் காற்றுக்கு அவ்வளவு அதிகாரம் இல்லை. பத்து மணி நேரத்தில் சுழலும் அந்தக் கோள் தன் காந்தமண்டலத்தைத் தானே சுற்றி இழுக்கிறது. அயோ நிலவின் எரிமலைகள் வினாடிக்கு ஒரு டன் அளவில் அதற்குள் பொருளைக் கொட்டுகின்றன. யுரேனஸின் காந்த அச்சு சுழல் அச்சுக்கு 59 டிகிரி சாய்ந்திருப்பதால், பதினேழு மணி நேரச் சுற்றுக்குள்ளேயே இணைப்புக்கு ஏற்ற நிலையும் ஏற்காத நிலையும் மாறி மாறி வரும். அங்கே போய்வந்தது வாயேஜர் 2 மட்டும்தான், 1986இல். செவ்வாய்க்கு முழுக் கோளையும் சூழ்ந்த காந்தம் இல்லை.

இங்கிருந்து துருவ ஒளியைப் பார்க்க முடியுமா?

மிகப் பெரிய புயலில் முடியும். 2024 மேயில் மேற்குக் கேப்பில் கேமராக்களில் செந்நிறமாகப் பதிவானது. டர்பனில் வாய்ப்பு மிகக் குறைவு. தெற்கே கடல் மட்டும் தெரியும் கேப் கரைக்குப் போங்கள். ஊர் வெளிச்சம் கூடாது. கேமராவைத் தாங்கியில் வைத்துப் பத்து வினாடி திறந்து விடுங்கள். கிளம்புவதற்கு முன் பி-இசட்டைப் பாருங்கள். அது பிளஸில் இருந்தால் வீட்டிலேயே இருங்கள்.

என் மகள் இதைப் படிக்க ஆசைப்படுகிறாள். இங்கே வழி உண்டா, அக்கா?

உண்டு தங்கச்சி. பள்ளியில் கணக்கும் இயற்பியலும் விடாமல் எடுக்கச் சொல்லுங்கள். இங்கே டர்பனிலேயே குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் விண்வெளி இயற்பியல் ஆய்வு உண்டு. பொச்செஃப்ஸ்ட்ரூமில் நார்த்-வெஸ்ட் பல்கலைக்கழகத்தின் விண்வெளி ஆய்வு மையம் இருக்கிறது. மேற்படிப்பு மாணவர்கள் ஹெர்மானஸிலும் ஆய்வு செய்கிறார்கள். பொறியியல் பக்கம் மனம் போனால் சானே நிலையத்துக்கு ஓராண்டு தங்கும் குழுவில் ரேடார் பொறியாளர் இடம் ஒன்று உண்டு. அதற்கு விண்ணப்பம் கேட்டு விளம்பரம் வரும். கப்பல் கேப் டவுனிலிருந்து கோடையில் கிளம்பும், எஸ்.ஏ. அகுல்ஹாஸ் 2. குளிர் தாங்குவாளா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.